ரெண்டு பிளாஸ்டிக்கும் அப்ரூவ்டுனா கலவையும் அப்ரூவ்டா?

தம்பி, நீ கேட்டத மொதல்ல நானே ஒருக்கா எழுதிடுறேன், நடுவுல வந்து படிக்கிறவங்களுக்கும் புரியணும்ல. பிஎல்ஏ (பாலிலாக்டிக் ஆசிட்) 80 பங்கு, பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்) 20 பங்கு, ரெண்டுமே மெதுவா கரையுற பிளாஸ்டிக், ரெண்டையும் ஒட்ட வைக்க துளி டைகுமைல் பெராக்சைடு, எல்லாத்தையும் ட்வின் ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடர்ல, அதான் உருக்கி கலந்து கம்பியா தள்ளுற மெஷின்ல, ஓட்டி கலந்திருக்க. உடம்புக்குள்ளயே கரைஞ்சு போற எலும்பு ஸ்க்ரூ பண்ணணும், அதான் எம்.டெக் ப்ராஜெக்ட். டென்சைல் (இழுத்து பாக்குற டெஸ்ட்) நல்லா வந்திருக்கு, வெறும் பிஎல்ஏ பட்டுனு ஒடஞ்சுது, இப்ப இழுத்தா இழுபடுது. ரெண்டுமே எஃப்டிஏ (அமெரிக்காவுல மருந்து, மெடிக்கல் சாமானுக்கு அனுமதி குடுக்குற அமைப்பு) அப்ரூவ்டு, சப்ளையர் சர்டிபிகேட்டும் குடுத்துட்டான், அப்ப பயோ டெஸ்ட் தனியா எதுக்கு, வேணும்னா எத மொதல்ல பண்றது, பத்து மாசத்துல முடியுமா. இதான கேள்வி?

நான் தண்டையார்பேட்டை. கிண்டி சிப்பெட்ல (பிளாஸ்டிக் படிப்புக்கான மத்திய அரசு இன்ஸ்டிட்யூட்) படிச்சேன், இருவது வருஷத்துக்கு மேல பிளாஸ்டிக் டெஸ்டிங் லேப்ல தான் பொழப்பு, பைப்பு, தண்ணி டேங்க்னு ஆரம்பிச்சு அப்பால மெடிக்கல் சாமான் பக்கம் வந்துட்டேன். அதனால புஸ்தகத்துல இருக்குற வரிசையில சொல்ல மாட்டேன், எங்கெங்க எங்களுக்கு மூக்கு ஒடஞ்சுதோ அங்க கொஞ்சம் நிக்கிறேன், மத்தத ஓட்டிடுறேன்.

அந்த எஃப்டிஏ கதைய மொதல்ல முடிச்சிடலாம். எஃப்டிஏ பிளாஸ்டிக்குக்கு அப்ரூவல் குடுக்குறதே கெடையாது, டிவைஸுக்கு தான் குடுக்கும். இன்ன கம்பெனி செய்யுற, இன்ன வேலைக்கான, இன்ன ஷேப்புல, இன்ன மாதிரி ஸ்டெரிலைஸ் பண்ண இந்த சாமான், அதுக்கு மட்டும் தான் அனுமதி. அதுக்குள்ள பிசிஎல் இருந்துச்சுனா உடனே பிசிஎல்லே அப்ரூவ்டுன்னு பேப்பர்ல எழுதிடுவாங்க, ஒருத்தர பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சு இப்ப வேதவாக்கு மாதிரி ஆயிடுச்சு. யுஎஸ்பி கிளாஸ் 6 சர்டிபிகேட்டும் (பிளாஸ்டிக்க விலங்குல வச்சு பாத்து குடுக்குற அமெரிக்க சர்டிபிகேட்) அதே கதை தான், சப்ளையர் அவன் மெஷின்ல அடிச்ச சாம்பிளுக்கு வாங்கினது அது, உன் எக்ஸ்ட்ரூடர்ல 190 டிகிரியில பெராக்சைடோட சேந்து வெந்து வெளிய வர்ற கம்பிக்கு எப்படி பொருந்தும்? அப்புறம் இன்னொன்னு கேக்கணும், அந்த பிஎல்ஏ எங்க வாங்குன? ரிச்சி ஸ்ட்ரீட்ல 3டி பிரிண்டர் ஃபிலமென்ட் வாங்கி நறுக்கி போட்டிருந்தா இப்பவே சொல்லிடு, அதுல கலரு, ஃபில்லரு, என்னென்ன சேத்திருக்கான்னு வித்தவனுக்கே தெரியாது, அத வச்சு டென்சைல் வரைக்கும் போலாம், அதுக்கு மேல ஒரு ரூபா கூட செலவு பண்ணாத.

காசிமேடுல ஃபைபர் போட் பூசுறத பாத்திருப்ப. ரெசின் ஒரு டின்னு, கோபால்ட் ஒரு பாட்டில், பெராக்சைடு கேட்டலிஸ்ட் ஒரு பாட்டில். மூணும் தனித்தனியா சாதுவா தான் உக்காந்திருக்கும். ரெசின்ல கோபால்ட்ட நல்லா கலக்கிட்டு அப்பால தான் கேட்டலிஸ்ட் ஊத்துவாங்க, அவசரத்துல கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரா ஒரே மக்குல ஊத்துனா குபீர்னு தீ புடிச்சுக்கும், அங்க கூடமாட வேல செய்யுற பையனுக்கு கூட இது தெரியும். ஒவ்வொரு பாட்டில் மேலயும் கம்பெனி லேபிள் இருக்கு, ஆனா போட் நிக்குமா நிக்காதாங்குறது லேபிள்ல இல்ல, எத எதோட எந்த வரிசையில எவ்ளோ கலந்தாங்கங்குறதுல இருக்கு. உன் கலவையும் அப்படித்தான், எக்ஸ்ட்ரூடர் வாயில நொழையுற வரைக்கும் தான் அது பிஎல்ஏ, பிசிஎல். வெளிய வர்றது பேரு இல்லாத ஒரு புது ஆளு.

உன் கேஸ்லயே பாரு. டைகுமைல் பெராக்சைடு சூட்டுல ஒடஞ்சு வேலைய முடிச்சிட்டு சும்மா போகாது, அசிட்டோஃபீனோன், குமைல் ஆல்கஹால்னு ரெண்டு மிச்சத்த உள்ள விட்டுட்டு போகும். உன் கம்பிய மூக்கு கிட்ட வச்சு பாரு, லேசா பூ வாசனை மாதிரி ஒரு இனிப்பு வாசம் அடிச்சா அது அசிட்டோஃபீனோன். கரண்ட் கேபிளுக்கு எக்ஸ்எல்பிஇ (கிராஸ்லிங்க் பண்ண பாலிஎத்திலீன்) இன்சுலேஷன் போடுறாங்கல்ல, அங்கயும் இதே பெராக்சைடு தான், கேபிள் வெந்ததும் சூடான ரூம்ல நாள் கணக்கா வச்சு இந்த வாயுவ எல்லாம் வெளிய ஓட்டுவாங்க. கேபிளுக்கே அவ்ளோ பாக்குறாங்க. பிஎல்ஏ சர்டிபிகேட்ல அசிட்டோஃபீனோன் இருக்காது, பிசிஎல் சர்டிபிகேட்லயும் இருக்காது, ரெண்டுக்கும் பொறந்ததுல இருக்கு. மெடிக்கல் சாமான் உடம்புக்கு ஆகுமான்னு பாக்குற சர்வதேச ஸ்டாண்டர்டு ஐஎஸ்ஓ 10993, அதுல 18-ஆம் பாகம்னு ஒண்ணு இருக்கு, கெமிக்கல் கேரக்டரைசேஷன், அது இதுக்காகத்தான். தண்ணி மாதிரி ஒண்ணு, ஆல்கஹால் கலந்த தண்ணி மாதிரி ஒண்ணு, எண்ணெ மாதிரி ஒண்ணுன்னு வேற வேற சால்வென்ட்ல ஊற வச்சு, ஊறி வந்தத ஜிசி-எம்எஸ், எல்சி-எம்எஸ், உலோகத்துக்கு ஐசிபி-எம்எஸ்னு கெமிக்கல பிரிச்சு அடையாளம் காட்டுற மெஷின்கள்ல ஓட்டி என்னென்ன கசியுதுன்னு ஒரு பட்டியல் போடணும், அப்பால டாக்ஸிகாலஜி தெரிஞ்சவர் ஒருத்தர் உக்காந்து ஒவ்வொண்ணும் எவ்ளோ வரைக்கும் பரவாயில்லன்னு கணக்கு போடுவார். உலோகம்னு சொன்னேன்ல, பிஎல்ஏ பிசிஎல் ரெண்டையும் பெரும்பாலும் டின் ஆக்டோயேட் கேட்டலிஸ்ட் போட்டு தான் தயார் பண்றாங்க, அந்த தகரம் கொஞ்சம் உள்ளயே தங்கியிருக்கும், மெடிக்கல் கிரேடுக்கும் சாதா கிரேடுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்குறதுக்கு இந்த மிச்சம் மீதிய கழுவி எடுக்குறது ஒரு பெரிய காரணம்.

அடுத்தது காய வைக்குறது. இத யாரும் சொல்லி தர மாட்டாங்க, ஆனா நம்ம ஊர்ல பாதி பிஎல்ஏ இங்க தான் செத்து போகுது. பிஎல்ஏ-க்கு ஈரம் ஆகவே ஆகாது, 250 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 250 பங்கு) கீழ கொண்டு வந்துட்டு தான் மெஷின்ல போடணும், இல்லனா அந்த சூட்டுல தண்ணி அதோட சங்கிலிய அங்கங்க வெட்டிடும். வெளிய வர்ற கம்பி கண்ணுக்கு நல்லா தான் இருக்கும், மாலிகுலர் வெயிட் (சங்கிலி எவ்ளோ நீளம்ங்குற கணக்கு) பாத்தா பாதி காணாம போயிருக்கும். தண்டையார்பேட்டையில கடல் காத்து, வீட்டுல உப்பு ஜாடி திறந்து வச்சா ரெண்டு நாள்ல கஞ்சி ஆயிடும், பிஎல்ஏ மட்டும் சும்மா இருக்குமா. சரினு 80 டிகிரியில நாலு மணி நேரம் காய வைப்போம்னு ஒரு தடவ நானு, புதுசா லேபுக்கு வந்த மப்புல, பிஎல்ஏ பிசிஎல் ரெண்டையும் அளந்து கலந்து ஒரே ட்ரேல ஓவன்ல வச்சுட்டு டீ குடிக்க போயிட்டேன். பிசிஎல் 60 டிகிரியிலயே உருகிடும். வந்து பாத்தா ட்ரே முழுக்க பொரி உருண்ட. உளி வச்சு பேத்து எடுத்தோம். ரெண்டையும் தனித்தனியா காய வை, பிஎல்ஏ சூட்டுல, பிசிஎல் 40 டிகிரி பக்கம் வேக்குவம்ல, எடுத்த உடனே கலந்து உடனே ஓட்டு, மதிய சாப்பாட்டுக்கு போயிட்டு வந்து ஓட்டாத.

ஓட்டுனதுக்கு அப்பறம் மொத வேலை, காசு கம்மியான வேலை, இன்ட்ரின்சிக் விஸ்காசிட்டி, அதான் கரைசலோட கெட்டித்தன்மைய வச்சு சங்கிலி நீளத்த கண்டுபுடிக்கிறது. குளோரோஃபார்ம்ல கரைச்சு உபலோடே (Ubbelohde) விஸ்கோமீட்டர்ங்குற கண்ணாடி குழாய்ல எறங்குற நேரத்த ஸ்டாப் வாட்ச்ல புடிக்கிறது, அவ்ளோ தான். ஓட்டுறதுக்கு முன்னாடி எவ்ளோ, பின்னாடி எவ்ளோன்னு ஒரே மதியத்துல தெரிஞ்சிடும். மாலிகுலர் வெயிட்ட நேராவே பிரிச்சு காட்டுற ஜிபிசி டெஸ்ட்ட வெளிய குடுத்து பண்ணா இன்னும் சுத்தம். நம்பர் ரொம்ப விழுந்திருந்தா அந்த பேட்ச்ச தூக்கி போடு, அதுக்கு மேல டெஸ்ட் பண்றது வெட்டி செலவு.

அப்பால டிஎஸ்சி, சூடு ஏத்துறப்ப பிளாஸ்டிக் எங்க இளகுது, எங்க உருகுதுன்னு காட்டுற டெஸ்ட். எல்லாரும் பண்ணுவாங்க, 5, 10 மில்லிகிராம் எடுத்து அலுமினியம் பேன்ல வச்சு நிமிஷத்துக்கு 10 டிகிரினு சூடு ஏத்துறது. ரெண்டு பிளாஸ்டிக் ஒண்ணோட ஒண்ணு நெசமாவே கலந்துச்சுனா ஒரே டிஜி (கண்ணாடி மாதிரி வெறைப்பா இருக்குற பிளாஸ்டிக் இளக ஆரம்பிக்குற டெம்பரேச்சர்) வரும், கலக்கலனா ரெண்டு டிஜி தனித்தனியா வரும், இதான் பாடத்துல படிச்சிருப்ப. பிசிஎல் டிஜி மைனஸ் 60 பக்கம், பிஎல்ஏ டிஜி ப்ளஸ் 60 பக்கம். ஆனா உன் கலவையில ஒரு குறும்பு இருக்கு, பிசிஎல் உருகுறதும் அதே 60 பக்கம் தான், அதனால பிஎல்ஏ டிஜி அந்த உருகுற பீக்குக்கு பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். நெறய பசங்க கர்வ் பாத்துட்டு டிஜி ஒண்ணு தான் தெரியுது, அப்ப கலந்துடுச்சுன்னு தீசிஸ்ல எழுதிடுறாங்க, வைவாவுல விவரம் தெரிஞ்சவர் உக்காந்திருந்தா முடிஞ்சுது. டிஎம்ஏ ஓட்டு, அது சாம்பிள ஆட்டிக்கிட்டே சூடு ஏத்துற டெஸ்ட், மைனஸ் 80-ல இருந்து ஆரம்பிச்சு டேன் டெல்டாங்குற கர்வ பாரு, ரெண்டு மேடு தனித்தனியா தெரியும். தெரியத்தான் செய்யும், பிஎல்ஏ பிசிஎல் லேசுல கலக்காத ஜோடி.

கலக்கலனா தப்பு இல்ல, அத தெரிஞ்சுக்கணும் அவ்ளோ தான். லிக்விட் நைட்ரஜன்ல முக்கி ஒடச்சு அந்த ஒடஞ்ச முகத்த எஸ்ஈஎம்ல (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பாத்தா பிஎல்ஏ நடுவுல பிசிஎல் ஜவ்வரிசி மாதிரி உருண்ட உருண்டயா நிக்கும். உருண்ட சின்னதா, ஒரு மைக்ரானுக்கு கீழ, சுத்தி இருக்குற பிஎல்ஏ-வோட ஒட்டி இருந்தா நல்லது. உருண்ட பிச்சுக்கிட்டு போயி வழுவழுனு குழி மட்டும் தெரிஞ்சா ஒட்டல, பெராக்சைடு தன் வேலைய செய்யல. இத எதுக்கு இவ்ளோ சொல்றேன்னா நாளைக்கு உடம்புக்குள்ள தண்ணி நொழையுறது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற சந்து வழியாத்தான். இன்னிக்கு எஸ்ஈஎம்ல தெரியுற குழி தான் ஆறாவது மாசம் ஸ்க்ரூ ஏன் ஒடஞ்சுதுங்குறதுக்கு பதில்.

டென்சைல் நல்லா வந்துச்சுன்ன. சந்தோஷம். எந்த டெம்பரேச்சர்ல பண்ண? 23 டிகிரி, காஞ்ச சாம்பிள், ஏசி ரூம். உடம்புல 37 டிகிரி, எந்நேரமும் ஈரம். பிஎல்ஏ தண்ணி குடிச்சதும் அதோட டிஜி எறங்கிடும், பிசிஎல் சும்மாவே வெண்ணெ மாதிரி, அதனால அதே சாம்பிள ரெண்டு நாள் 37 டிகிரி பிபிஎஸ்ல (உடம்பு திரவம் மாதிரி பிஹெச் மாறாம வச்சிருக்குற உப்பு பஃபர்) ஊற வச்சு ஈரத்தோட இழுத்து பாரு, மாடுலஸ் (வெறைப்பு) எவ்ளோ எறங்குதுன்னு நீயே பாப்ப. கத்திரி வெயில்ல எங்க லேப் ஏசி படுத்துருச்சுனா நாங்க கிண்டல் பண்ணுவோம், இன்னிக்கு பாடி டெம்பரேச்சர் டெஸ்ட் ஃப்ரீன்னு.

அதுவும் போக, ஸ்க்ரூவ யாரும் டென்சைல் டெஸ்ட்டுக்கு வெட்டுற டம்பெல் ஷேப் சாம்பிள் மாதிரி புடிச்சு இழுக்க போறது இல்ல. சர்ஜன் திருப்புவாரு. திருப்பும்போது தலை முறுக்கிட்டு போகுமா, எலும்புல இருந்து எவ்ளோ பலத்துல புடுங்கிட்டு வரும், பூட்டி வச்ச எறுக்கம் நாலு நாள்ல தளந்துடுமா, இதெல்லாம் தான் கேள்வி. கரையுற ஸ்க்ரூ, பிளேட்டுக்குன்னே ஏஎஸ்டிஎம் எஃப்2502-ன்னு ஒரு டெஸ்ட் ஸ்டாண்டர்டு இருக்கு, அத எடுத்து படி. இன்னொரு கணக்கையும் மனசுல வச்சுக்க, கெட்டி எலும்போட மாடுலஸ் 15, 20 ஜிகாபாஸ்கல் இருக்கும், டைட்டானியம் அலாய் 110, பிஎல்ஏ 3 பக்கம், அதுல நீ பிசிஎல் போட்டு இன்னும் எறக்கிட்ட. தொட எலும்புக்கு இத காட்டாத, எந்த ஆர்த்தோ டாக்டரும் சிரிச்சிடுவாரு. பாரம் தாங்காத சின்ன எலும்பு, லிகமென்ட்ட புடிச்சு வைக்குற எடம், அந்த மாதிரி ப்ராஜெக்ட் தலைப்ப சுருக்கிக்க.

ஸ்டெரிலைசேஷன் பத்தி நீ கேக்கவே இல்ல, யாருமே கேக்க மாட்டாங்க. ஆட்டோகிளேவ் 121 டிகிரி, உன் ஸ்க்ரூ உள்ள போறப்ப ஸ்க்ரூ, வெளிய வர்றப்ப சுருண்ட அப்பளம். காமா கதிர், வழக்கமான டோஸ் 25 கிலோகிரே, சூடு கெடையாது, ஆனா பிஎல்ஏ சங்கிலிய அதுவும் வெட்டும். மிச்சம் இருக்குறது எத்திலீன் ஆக்சைடு வாயு, அதுவும் சூட்ட கம்மியா வச்சு, பிசிஎல் 60-ல உருகும்னு மறக்காம. அந்த வாயு விஷம், பிளாஸ்டிக்குள்ள தங்கும், அதனால நாள் கணக்கா காத்தாட விட்டு மிச்சத்த அளக்கணும், ஐஎஸ்ஓ 10993-7 படி உடம்புலயே தங்குற சாமான்ல இருந்து மொத 24 மணி நேரத்துல 4 மில்லிகிராமுக்கு மேல வரக்கூடாது. எப்படி பண்ணாலும் சரி, இதுக்கு மேல வர்ற எல்லா டெஸ்ட்டும் ஸ்டெரிலைஸ் பண்ண ஸ்க்ரூல தான் பண்ணணும். மெஷின்ல போடுற கிராணுல்ஸ்ல (குருணை) பண்ணாத, மோல்டு அடிச்ச ஷீட்ல பண்ணாத.

இந்த வரிய நான் அழுத்தி சொல்றதுக்கு ஒரு வரலாறு இருக்கு. மூட்டு மாத்து ஆபரேஷன்ல கப்பு மாதிரி வைக்குற பிளாஸ்டிக், யுஹெச்எம்டபிள்யூபிஇ, அதான் ரொம்ப நீள சங்கிலி பாலிஎத்திலீன், பல வருஷம் அத காத்துலயே காமா அடிச்சு பேக் பண்ணி வச்சாங்க. காமா உள்ள ஃப்ரீ ராடிக்கல (ஒடஞ்ச சங்கிலியோட சும்மா இருக்காத முனை) விட்டுட்டு போயிடும், அது ஆக்சிஜனோட சேந்து பெட்டிக்குள்ள இருக்குறப்பவே பிளாஸ்டிக்க மொறுமொறுனு ஆக்கிடுச்சு, ஷெல்ஃபுல வருஷக்கணக்கா இருந்த கப்பு போட்டவங்களுக்கு சீக்கிரமே தேஞ்சுது. மெட்டீரியல் அதே மெட்டீரியல் தான். இதுக்கு மருந்தா தான் வைட்டமின் ஈ கலந்த பாலிஎத்திலீன் வந்துச்சு, ராடிக்கல அது புடிச்சு அடக்கிடும், அளவு 0.1 சதவீதம் மாதிரி துளியூண்டு தான். ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம், பவுடர்லயே கலந்துட்டு அப்பால ரேடியேஷன் அடிச்சா கிராஸ்லிங்க் (சங்கிலியோட சங்கிலி பிணையுறது) ஆகறதுக்கு வேணுங்குற ராடிக்கலையும் அது சேத்து முழுங்கிடுது. அதனால சிலர் மொதல்ல கிராஸ்லிங்க் பண்ணிட்டு அப்பறம் வைட்டமின் ஈ-ய உள்ள ஊற விட்டாங்க. அதே ரெண்டு சரக்கு, வரிசை மாறுனா வேற பொருள், காசிமேடு டின்னு கதை தான்.

இப்ப கரைஞ்சு போற டெஸ்ட், உன் ப்ராஜெக்ட்டோட உயிரே இது. ஸ்டாண்டர்டு ஏஎஸ்டிஎம் எஃப்1635. பிபிஎஸ், பிஹெச் 7.4, 37 டிகிரி. ஒரு கிராம் சாம்பிளுக்கு கொறஞ்சது 30 மில்லி, 100 மில்லி இருந்தா நல்லது, ஏன்னா பிஎல்ஏ கரையுறப்ப லாக்டிக் ஆசிட் விடும், தண்ணி கம்மியா இருந்தா பாத்திரமே புளிச்சு போயி கரையுறது இன்னும் வேகமாகும். பிஹெச் 0.2-க்கு மேல நகந்தா பஃபர மாத்து. வாரம், மாசம்னு எடுத்து மாலிகுலர் வெயிட், பலம், எடை மூணையும் பாரு. மொதல்ல மாலிகுலர் வெயிட் விழும், அப்பறம் பலம், எடை கடைசியில தான். நெறய பேரு வெறும் எடைய மட்டும் பாத்துட்டு நாலு மாசம் ஆச்சு, ஒரு சதவீதம் கூட கொறையல, ஸ்க்ரூ கெட்டியா இருக்குன்னு எழுதுறாங்க, கைல எடுத்து மடக்குனா மொறுக்கு மாதிரி ஒடையும். எலும்பு ஒட்ட ஆறு வாரத்துல இருந்து மூணு மாசம் ஆகும்னு வச்சுக்க, அது வரைக்கும் பலம் நிக்குதாங்குறது தான் உன் கேள்வி, எப்ப முழுசா மறையுதுங்குறது அப்பறம்.

தடியான பீஸும் சன்ன பீஸும் ஒரே மாதிரி கரையாது, இதையும் கவனி. எல்லாரும் நெனைக்கிறது சன்னமா இருந்தா சீக்கிரம் கரையும்னு. பிஎல்ஏ-ல தலகீழ், தடியா இருந்தா உள்ள உண்டாகுற ஆசிட் வெளிய வர வழி இல்லாம உள்ளயே நின்னு நடுவுல வேகமா அரிக்கும், மேல தோலு மட்டும் நல்லா இருக்கும், உள்ள கூழு. அதனால ஃபிலிம்ல பண்ண டெஸ்ட்ட ஸ்க்ரூவுக்கு ஒப்பிக்காத. சீக்கிரம் முடிக்க 50, 60 டிகிரியில வைக்கலாமான்னு அடுத்து கேப்ப, எல்லாரும் கேப்பாங்க. வேணாம். ஈரமான பிஎல்ஏ டிஜி-ய அது தாண்டிடும், பிசிஎல் உருகுற எடத்துக்கு வந்துடும், உடம்புல நடக்காத ஒண்ண பாத்திரத்துல நடத்தி பாத்துட்டு அத வச்சு என்ன சொல்ல முடியும்.

செல் டெஸ்ட், ஐஎஸ்ஓ 10993-5. சாம்பிள மீடியத்துல (செல் வளக்குற திரவம்) 37 டிகிரியில 24 மணி நேரம் ஊற வை, 0.5 மில்லிமீட்டருக்கு மேல தடியா இருந்தா ஒரு மில்லிக்கு 3 சதுர சென்டிமீட்டர், அத விட சன்னம்னா 6. உடம்புலயே தங்குற சாமானுக்கு 72 மணி நேரமும் ஊற வச்சு பாக்க சொல்லுவாங்க. அந்த ஊறுன மீடியத்த எலியோட எல்929 செல் மேல ஊத்தி எம்டிடிங்குற மஞ்ச சாயம் போட்டு எவ்ளோ செல் உசுரோட இருக்குன்னு பாக்குறது, 70 சதவீதத்துக்கு கீழ போனா செல்லுக்கு ஆகாதுன்னு அர்த்தம். உசுரோட இருக்குற செல் மஞ்சள ஊதாவா மாத்தும், கண்ணாலயே தெரியும். உன் மாதிரி கேஸ்ல ஒரு பொறி இருக்கு, ஊத்துறதுக்கு முன்னாடியே மீடியம் மஞ்சளா மாறி இருந்தா ஆசிட் இறங்கி இருக்குன்னு அர்த்தம், செல்லு பெராக்சைடு மிச்சத்தால செத்துதா வெறும் புளிப்பால செத்துதான்னு தெரியாம போயிடும். பிஹெச் அளந்து எழுதி வை, பிஹெச் சரி பண்ணி ஒண்ணு, பண்ணாம ஒண்ணுன்னு ரெண்டையும் போடு, ரெண்டு ரிசல்ட்டையும் மறைக்காம காட்டு.

எங்களுக்கு ஒரு தடவ, வேற கலவை அது, மூணு வாட்டி அடுத்தடுத்து செல்லு செத்துச்சு. கெமிஸ்ட்ரிய நோண்டு நோண்டுன்னு நோண்டுனோம், ஒண்ணும் கெடைக்கல. கடைசியில பாத்தா சாம்பிள் அடிச்சு குடுத்த மோல்டிங் ஷெட்ல, எங்க ஏரியா பக்கம் தான், பேரு வேணாம், பீஸு மோல்டுல ஒட்டாம வரணும்னு ரிலீஸ் ஸ்ப்ரே அடிச்சிருக்காங்க, அதுவும் அதே மெஷின்ல மொத நாள் வரைக்கும் பிவிசி ஓடிட்டு இருந்திருக்கு, பேரலையும் சரியா கழுவல. கேட்டதுக்கு அவரு கூலா சொன்னாரு, சார் வாளிக்கு அடிக்கிற ஸ்ப்ரே தான் சார், நல்ல கம்பெனி. ரெண்டு மாசம் போச்சு எங்களுக்கு. அதனால சாம்பிள் அடிக்கிறப்ப நீயே போயி பக்கத்துல நில்லு.

செல் டெஸ்ட் பாஸ் ஆனா முடிஞ்சுதுன்னு நெனைக்காத, ஏன்னா இன்னிக்கு இருக்குற ஸ்க்ரூ வேற, தேஞ்சு பொடியாகி உதிர்ற ஸ்க்ரூ வேற. இங்கிலாந்துல ஜான் சார்ன்லினு ஒரு சர்ஜன், இப்ப நாம பாக்குற இடுப்பு மூட்டு மாத்து ஆபரேஷனுக்கு தகப்பன் மாதிரி. 1950-கள் கடைசியில டெஃப்லான்ல கப்பு செஞ்சு போட்டாரு, எதோடயும் சேராத, எதுலயும் ஒட்டாத பிளாஸ்டிக், அத விட சாது எதுவும் இல்ல. சில வருஷத்துல கப்பு தேஞ்சு, அந்த பொடிக்கு உடம்பு வெறி புடிச்ச மாதிரி எதிர்ப்பு காட்டி, மூட்ட சுத்தி கட்டி கட்டியா ஆகி, நூத்துக்கணக்கான ஆபரேஷன திரும்ப பண்ண வேண்டி வந்துச்சு. ஃபில்லர் கலந்த டெஃப்லானும் போட்டு பாத்தாரு, அதுவும் கை குடுக்கல. 1962-ல தான் யுஹெச்எம்டபிள்யூபிஇ-க்கு மாறுனாரு, அதுக்கு பொடி பண்ண பிளாஸ்டிக்க தன் தொடையிலயே குத்தி வச்சு பாத்தாரு மனுஷன், டெஃப்லான் வச்ச எடம் வீங்குச்சு, பாலிஎத்திலீன் வச்ச எடம் சும்மா இருந்துச்சு. இன்னிக்கு எவனாவது அப்படி பண்ணா எத்திக்ஸ் கமிட்டி தோல உரிச்சிடும். முழு கட்டியா இருந்தப்ப சாது, பொடி ஆனதும் வில்லன். இப்ப இடுப்பு மூட்டுக்கு ஐஎஸ்ஓ 14242 சிமுலேட்டர் டெஸ்ட் இருக்கு, மாட்டு சீரத்துல 50 லட்சம் தடவ, செகண்டுக்கு ஒரு தடவன்னு ஆட்டுனாலே 58 நாள் ராவும் பகலும் ஓடணும், அப்பால தேஞ்ச பொடிய வடிகட்டி சைஸு பாக்கணும். உன் ஸ்க்ரூவுக்கு அது தேவ இல்ல, ஆனா ஆறாவது மாசம் உதிர்ற துணுக்க எடுத்து செல் மேல போட்டு பாக்குறது தேவ.

நம்ம பக்கத்து உதாரணமும் ஒண்ணு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா இன்ஸ்டிட்யூட்ல செஞ்ச இதய வால்வு. அதுக்குள்ள தொறந்து மூடுற டிஸ்க் அதே யுஹெச்எம்டபிள்யூபிஇ தான். இதயம் நிமிஷத்துக்கு 70 தடவன்னா வருஷத்துக்கு 3.68 கோடி தடவ அடிக்குது, மெக்கானிக்கல் வால்வுக்கு 40 கோடி சுத்து டெஸ்ட் கேக்குறாங்க. முன்னாடி பண்ண மாடல்கள்ல சஃபையர் டிஸ்க் கூட போட்டு பாத்தாங்க, சரியா வரல, தூக்கி போட்டுட்டு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சாங்க. 1990 டிசம்பர்ல தான் மொத பேஷண்ட்டுக்கு வச்சாங்க. வைரம் மாதிரி கல்ல விட பாலிஎத்திலீன் ஜெயிச்சுதுன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தோஷம், பிளாஸ்டிக்காரன் பாசம். இந்த மாதிரி டெஸ்ட்டுக்கு இங்க எடம் இல்லனு நெனைக்காத, சென்ட்ரல்ல சாயங்காலம் திருவனந்தபுரம் மெயில் ஏறுனா மறுநாள் போயிடலாம், போறதுக்கு முன்னாடி சாம்பிள் எத்தன வேணும், எப்படி பேக் பண்ணணும்னு எழுதி கேட்டுட்டு போ.

அதுக்கு மேல சென்சிடைசேஷன் (அலர்ஜி ஆகுமான்னு பாக்குறது), ஜீன் பாதிப்பு பாக்குற ஏம்ஸ் டெஸ்ட், முயல்லயோ எலியிலயோ வச்சு பாக்குறது, இதெல்லாம் இப்ப உன் வேல இல்ல. கரையுற இம்பிளான்ட்ட முயல்ல வச்சா அது கரையுற காலம் முழுக்க நடுநடுவுல எடுத்து பாக்கணும், பிஎல்ஏ-க்கு அது வருஷக்கணக்கு. விலங்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி தனி. மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸ் 2017 படி, அது 2018 ஜனவரி 1-ல இருந்து நடைமுறையில இருக்கு, ஏ, பி, சி, டி-ன்னு நாலு கிளாஸ், டி தான் ரொம்ப கண்டிப்பு, உடம்புல கரையுற இம்பிளான்ட் பெரும்பாலும் அதுல தான் போயி நிக்கும், லைசென்ஸ் டெல்லியில சிடிஎஸ்சிஓ (மருந்து, மெடிக்கல் சாமானுக்கான மத்திய அரசு அமைப்பு) குடுக்கணும். கம்பெனி ஆரம்பிக்கிறப்ப பாத்துக்கலாம்.

பத்து மாசத்துக்கு நான் சொல்றது இது. மொத மாசம் மெட்டீரியல் எங்க இருந்து வந்துச்சுன்னு கிரேடு, பேட்ச் நம்பரோட எழுதி முடி, காய வச்சு திரும்ப ஓட்டு, வெறும் பிஎல்ஏ, வெறும் பிசிஎல் ரெண்டையும் அதே மெஷின்ல அதே சூட்டுல ஓட்டி வச்சுக்க, அது இல்லாம உன் கலவைய எதோட ஒப்பிடுவ. பெராக்சைடு போடாத கலவை ஒண்ணும் ஓட்டு, அப்ப தான் அசிட்டோஃபீனோன் எங்க இருந்து வந்துச்சுன்னு கை நீட்டி சொல்லலாம். ரெண்டாவது மாசத்துக்குள்ள விஸ்காசிட்டி, டிஎம்ஏ, எஸ்ஈஎம் முடிச்சிட்டு எத்திலீன் ஆக்சைடுக்கு குடு. அங்க இருந்து ஸ்க்ரூ காத்தாடி முடிஞ்சு கைக்கு வந்த அன்னிக்கே பிபிஎஸ் பாட்டில்ல போட்டுடு, செல் டெஸ்ட்டு அது இதுன்னு பின்னாடி பாத்துக்கலாம், ஏன்னா மத்த எல்லாத்தையும் காசு குடுத்து வேகப்படுத்தலாம், இத முடியாது. எட்டு மாசம் நெசமான 37 டிகிரி டேட்டா கைல இருந்தா உன் தீசிஸ் அதுலயே நிக்கும். எடுக்கப்போற ஒவ்வொரு தேதிக்கும் அஞ்சு பீஸு, கூட ரெண்டு பீஸு சேத்து போடு, நடுவுல ஒண்ணு ஒடையும், ஒண்ணு காணாம போகும். கரண்ட் போனா வாட்டர் பாத் என்ன ஆகும்னு இப்பவே பாத்து வை, டெம்பரேச்சர் லாகர் ஒண்ணு உள்ள போடு. பாட்டில் லேபிள பென்சில்ல எழுது, மார்க்கர் அந்த ஈரத்துல ஒரு மாசத்துல அழிஞ்சு போயிடும், எது எந்த பேட்ச்னு தெரியாம உக்காந்திருப்ப, நான் உக்காந்திருக்கேன்.